மேலிருந்து கேட்ட குரல்

ஒவ்வொரு அடிக்கும் அப்பாசாமி கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான். சுப்பன் சம்மட்டியை ஓங்கி இறக்கினான். உருக்குக் கம்பியின் நுனி கருங்கல்லுக்குள் மயிரிழை அளவு போனது. குழியில் கல்மாவு சேர்ந்ததும் அப்பாசாமி கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நுனி வளைந்த சிறு கம்பியால் அதை வழித்து வெளியே போட்டான். வெள்ளைச் சேறு அவன் முழங்காலில் தெறித்துக் காய்ந்தது. காலையிலிருந்து இப்படியே நான்கு குழிகள். ஒவ்வொன்றிலும் வெடிமருந்துத் தோட்டாவை வைத்துத் திரியைக் கொளுத்தினால் அடிப்பாறை உடையும். கிணறு இன்னும் இரண்டு முழம் கீழே போகும்.

கிணற்றின் அடியில் வெயில் உச்சிவேளையில் மட்டும் வந்துவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் விடிந்தும் விடியாத ஒரு வெளிச்சம்தான். அண்ணாந்தால் வட்டமாக வானம். மேலே பேசுகிற பேச்சு சுவர்களில் உரசிக்கொண்டு கீழே வந்து சேர்வதற்குள், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கத்தில் பேசுவது போல ஆகிவிடும். மீசை அரும்பும் முன்பே கிணறு வெட்டுக்கு வந்தவன் அப்பாசாமி. பேச்சைக் கேட்டே மேலே நிற்பது யார் என்று சொல்லிவிடுவான்.

கிணறு ஆதிமூலத்தினுடையது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையின் முதுகுப்புறம் பார்த்த மாதிரி அவருக்குக் கழனி இருந்தது. தொடர்ந்து மழை ஏமாற்றியதில் பழைய கிணறு வற்றிப்போயிற்று. பாங்கியில் கடன் வாங்கிப் புதுக்கிணறு எடுத்தார். வேலையை மண்ணாங்கட்டி மேஸ்திரியிடம் கான்ட்ராக்ட் விட்டிருந்தார். மறுநாள் பாங்கி ஆள் ஆழம் அளக்க வருவதாக இருந்தது. ஆழம் பற்றாவிட்டால் அடுத்த தவணை வராது. அன்று விடிந்ததிலிருந்து ஆதிமூலம் கிணற்று மேட்டை விட்டு நகரவில்லை.

மேஸ்திரி திரிகளைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். எல்லோரும் வேப்பமரம் வரைக்கும் ஓடிப்போய் நின்றார்கள். வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நான்கா மூன்றா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேஸ்திரி காதைத் தேய்த்துக்கொண்டார்.

"டவுனுக்குப் போய் திரி வாங்கிக்னு வந்துடறேன். நான் வர்ற வரிக்கும் யாரும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

மண் சுமக்கிற பெண்கள் மரத்தடியில் சோற்றுச் சட்டிகளைத் திறந்தார்கள். சுப்பன் ராட்டினத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துச் சாய்ந்தான். புகை அடங்கியிருக்கிறதா என்று பார்க்க அப்பாசாமி பாதி வரைக்கும் இறங்கினான். அங்கே நிற்பதற்கு ஒரு திட்டு விட்டிருந்தார்கள். மருந்து நெடி இன்னும் போகவில்லை. உடைந்த கற்கள் கீழே மங்கலாகத் தெரிந்தன. வடக்கு மூலையில் மட்டும் பாறை அசையாமல் நிற்பது போலிருந்தது.

"ஒண்ணு வெடிக்கல போல கீதுங்க. மேஸ்திரி வரட்டும்" என்று மேல் நோக்கிக் கத்தினான்.

"அதெல்லாம் வெடிச்சாச்சுடா. நான் எண்ணிக்னுதான நின்னேன். நாளிக்கி அளக்க வராங்க. எறங்கி கல்ல ஒதுக்கு." ஆதிமூலத்தின் குரல்.

அப்பாசாமி அண்ணாந்து பார்த்தான். வட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை. சூரியன் அதற்குப் பின்னால் இருந்தது. முகம் கறுப்பாக இருந்தது; அதைச் சுற்றி வெளிச்சம் பிசிறு பிசிறாக நின்றது. அதற்கும் மேலே ஒரு சிறு மேகம், எங்கே போவதென்று தெரியாததைப் போல.

"இல்லீங்க..."

"எறங்குன்றேன்."

அவன் இறங்கினான். வடக்கு மூலையில் குனிந்து கடப்பாரையை ஊன்றினான். சத்தம் கேட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை. வெள்ளையாக ஒன்று விரிந்தது. அவ்வளவுதான்.

*

மாட்டு வண்டியில் போட்டு அவனை டவுனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். முகத்தில் பதிந்திருந்த கல் துணுக்குகளை டாக்டர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கண்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டுப் பிரித்த அன்று, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அப்பாசாமி காற்று வந்த பக்கம் கை காட்டினான். டாக்டர் அவன் மனைவி கன்னியம்மாளை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவள் திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதங்களைப் பிடித்துவிட்டாள். வெகுநேரம் விடாமல் பிடித்துவிட்டதிலிருந்து அவன் தெரிந்துகொண்டான்.

ஆதிமூலம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கன்னியம்மாள் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். அவர் கட்டிலோரம் வெகுநேரம் நின்றார்.

"நான் கீறேன் அப்பாசாமி. உன்ன வுட்டுட மாட்டேன். பாத்துக்கலாம்."

"நீங்க சொன்னீங்கன்னுதான் எறங்கனேங்க" என்றான் அப்பாசாமி. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. நடந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னான்.

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் வார்டைத் தாண்டிப் போனது.

ஊர் திரும்பிய பிறகு கொஞ்ச காலம் ஆதிமூலம் வீட்டிலிருந்து சுப்பன் கையில் அரிசி வந்தது. அறுப்பு முடிந்ததும் அது நின்றது. மண்ணாங்கட்டி மேஸ்திரி பெங்களூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கன்னியம்மாள், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குப் போனாள். போவதற்கு முன்னால் குடிசை வாசல் கம்பத்திலிருந்து வேலி ஓரம் வரைக்கும் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டிவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு அப்பாசாமி போய் வருவான். மற்ற நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

மத்தியானத்தில் தூக்கம் வரும். தூக்கத்தில் அவனுக்குக் கண் தெரிந்தது. மலை தெரிந்தது. மழை பெய்து முடிந்ததும் அதன் பாறைகள் கழுவிவிட்ட எருமைகள் போலப் பளபளப்பது தெரிந்தது. கன்னியம்மாள் கல்யாணத்தில் கட்டியிருந்த அரக்குச் சேலை, கொடியில் காய்ந்துகொண்டு, யாருமே உள்ளே இல்லாமல் நடப்பது போல ஆடுவது தெரிந்தது. பிறகு எல்லாம் சுருங்கி வட்டமாகும். அவன் கிணற்றுக்குள் திட்டின்மேல் நிற்பான். மேலே அந்தத் தலை. அந்த மேகம் இப்போது நகரும். மெல்ல மெல்ல சூரியனை மூடும். வெளிச்சம் தணியத் தணிய கறுப்புக்குள்ளிருந்து முகம் எழும்பி வரும். மூக்கு வரும்போது விழித்துக்கொள்வான். விழித்தால் ஒன்றும் இருக்காது. எங்கோ ஒரு கோழி கத்தும்.

*

தங்கும் வீட்டில் சமையல் செய்த எல்லம்மாள்தான் வக்கீல் மூர்த்தியைப் பற்றிச் சொன்னாள். அவள் தம்பி லாரியில் அடிபட்டபோது கேஸ் நடத்திக் கொடுத்தவர். தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் அவருடைய ஆபீஸ். குறுகலான படிகளில் கன்னியம்மாள் முன்னால் ஏற, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்பாசாமி ஏறினான். கீழே பித்தளை தட்டுகிற சத்தம் ஓயாமல் கேட்டது.

மூர்த்திக்கு இளம் வயதுதான். கேள்விகளை அவசரப்படாமல் கேட்டார்.

"உன்னை வேலைக்கு வச்சது யாரு?"

"மேஸ்திரிங்க."

"கூலி குடுத்தது?"

"மேஸ்திரிதாங்க குடுப்பாரு."

"அப்ப சட்டப்படி மேஸ்திரிதான் பொறுப்பு. அவரு ஊர்லயே இல்லன்றீங்க."

"அப்ப கண்ணு போனதுக்கு யாருமே பொறுப்பு இல்லீங்களா?" என்றாள் கன்னியம்மாள்.

"இரும்மா. கேக்கறேன் இல்ல." அவர் அப்பாசாமி பக்கம் திரும்பினார். "வெடி போட்டதும் எறங்க வேணாம்னு மேஸ்திரி சொல்லலியா?"

"சொன்னாருங்க."

"சொல்லியும் எறங்கியிருக்க. உன் தப்புதான்னு சொல்லிடுவாங்களே. ஏன் எறங்கன?"

"கெணத்துக்காரரு எறங்குன்னாருங்க."

மூர்த்தியின் பேனா நின்றது. "ஆதிமூலமா? அவரே சொன்னாரா?"

"அவரு வாயாலதாங்க. ஒண்ணு வெடிக்கலன்னேன். நான் எண்ணிக்னு நின்னேன், எறங்குன்னாரு."

மூர்த்தி அதைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப கேஸ் இருக்கு. கான்ட்ராக்ட் விட்டா விட்டதுதான், அதுல நடக்கறதுக்கு மேஸ்திரி பதில் சொல்லணும். ஆனா எடத்துக்கு சொந்தக்காரரே கூட நின்னு, ஆபத்து இருக்குன்னு நீ சொன்ன பிறகும் எறங்குன்னு உத்தரவு போட்டிருந்தா, அந்த உத்தரவுக்கு அவருதான் பொறுப்பு. அப்பாசாமி, இந்தக் கேஸ் மொத்தமும் அந்த ஒரே வார்த்தைலதான் நிக்குது. அந்த நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா?"

"சுப்பன் இருந்தாங்க. ராட்டினத்தாண்ட."

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய வாரம், கன்னியம்மாள் ஆதிமூலத்தின் வீட்டுக்கு நடந்தே போனாள். பேசித் தீர்த்துக்கொள்ள மாட்டாரா என்று அவளுக்கு ஒரு ஆசை. அவர் மனைவி ரேணுகாம்பாள் வாசற்கதவை ஒருக்களித்து நின்றாள்.

"உங்களாண்ட ஒரு வார்த்த கூட பேசக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லிக்கீறாரு" என்றாள் ரேணுகாம்பாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரும் ராவுல தூங்கறதில்லடி. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கோர்ட்டில் பீஸ் கட்ட வழியில்லாதவர்கள் பாப்பர் மனு போட வேண்டும் என்றார் மூர்த்தி. கேஸ் எடுப்பதற்கு முன்னால், உண்மையிலேயே ஏழைதானா என்று பார்க்க தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். அடுக்குப் பானைகளை விரலால் தட்டிப் பார்த்தார். வாசலில் மேய்ந்த கோழி யாருடையது என்று கேட்டார். பக்கத்து வீட்டுடையது என்று கன்னியம்மாள் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லவும் வைத்தாள். அப்பாசாமி உட்கார்ந்திருந்த கயிற்றுக் கட்டிலைப் பற்றியும் கேட்டார். அவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாசாமி எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

*

வாய்தா மேல் வாய்தா வந்தது. எமர்ஜென்சி வந்து, போயும் விட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கன்னியம்மாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோர்ட்டு வராந்தாவின் கடைசித் தூண் அவர்கள் இடம். டவாலி பெயர்களைக் கூப்பிடும் குரல் நீண்ட தாழ்வாரத்தில் மிதந்து மிதந்து வரும். டைப் அடிக்கிற சத்தம் ஓலைக் கூரைமேல் தூறல் விழுவது போலிருக்கும். அப்பாசாமி அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவான். அங்கேயும் வட்டம் வரும், மேகம் நகரும்.

ஒரு நாள் முகம் முழுவதும் வந்துவிட்டது. நெற்றிச் சுருக்கமும், காதோரத்து நரையும், எறங்கு என்று சொல்லக் குவிந்த உதடும்கூடத் தெரிந்தன. அவன் திடுக்கிட்டு எழுந்து கன்னியம்மாளின் கையைப் பிடித்தான்.

"கன்னிமா, பாத்துட்டேன். அவருதான். நல்லா தெரிஞ்சிது."

அவள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அதத்தான் மாமா உள்ள போய் சொல்லணும். மூஞ்சியப் பாத்தேன்னு."

"கெனவுல பாத்தது அது."

"கெனவுல பாத்தா இன்னா, கண்ணால பாத்தா இன்னா? அவரு மூஞ்சிதான அது? வேற யாரு மூஞ்சியாச்சும் வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

விசாரணைக்கு முந்தின நாள் மூர்த்தியும் அதையேதான் கேட்டார். சுப்பன் இப்போது ஆதிமூலத்திடம் வருஷக் கூலிக்கு இருக்கிற ஆள். அவனை நம்ப முடியாது. "குரல் கேட்டுச்சுன்னு மட்டும் சொன்னா நிக்காது அப்பாசாமி. மேல பார்த்தேன், அவரு நின்னாருன்னு சொல்லு. அவருதான நின்னாரு? பொய் ஒண்ணும் இல்லியே."

"நின்னது அவருதாங்க."

"பார்த்தேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அப்பாசாமி தலையாட்டினான்.

*

வேறு சாட்சி இல்லாததால் மூர்த்தி அழைத்த சுப்பன் முதலில் சாட்சிக் கூண்டில் ஏறினான். "படுத்தவன் தூங்கிட்டேங்க. வெடிச்ச சத்தத்துலதான் எழுந்தேன்" என்றான். "யாரும் எறங்கச் சொன்னதா எனக்குத் தெரியாதுங்க." இறங்கிப் போகும்போது அப்பாசாமியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பாசாமி அந்த நடையை அறிவான். அது தன் பக்கத்தில் வரும்போது ஒரு நொடி தயங்கி, பிறகு விரைவதைக் கேட்டான்.

அப்பாசாமியைக் கூண்டுக்குள் ஏற்றி நிறுத்தினார்கள். மரச்சட்டம் பலருடைய கை பட்டு வழுவழுப்பாக இருந்தது. மூர்த்தியின் கேள்விகளுக்கு அவன் சரியாகவே பதில் சொன்னான். வெடி போட்டது, திட்டில் நின்றது, கத்திக் கேட்டது.

"மேல யாரு நின்னாங்க? பார்த்தியா?"

"பாத்தேங்க. ஆதிமூலம் ஐயா நின்னாரு. எறங்குன்னாரு."

பின்பக்கத்து பெஞ்சில் கன்னியம்மாள் மூச்சை விட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். எழுந்து வந்தவர், மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசுவது போலப் பேசினார்.

"உச்சி நேரம், இல்லியா?"

"ஆமாங்க."

"கெணத்துக்குள்ளேர்ந்து அண்ணாந்து பாத்தா கண்ணு கூசியிருக்குமே."

"கூசிச்சுங்க."

"அப்பவும் முகம் தெரிஞ்சுதா?"

அப்பாசாமி சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். மேலே மின்விசிறி சுற்றியது. அவனுக்குள் அந்த முகம் தெளிவாக வந்து நின்றது. நரை, சுருக்கம், குவிந்த உதடு.

"தெரியுதுங்க" என்றான்.

"தெரியுதுங்கறியே. எப்பத் தெரிஞ்சுது?"

"அடிக்கடி தெரியும்ங்க. மத்தியானத்துல படுத்தா வரும். அன்னிக்கி கறுப்பாதான் இருந்துச்சு. அந்த மேகம் வந்து சூரியன மறச்சிச்சின்னா..."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜு மேஜையைத் தட்டினார். மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. முகம் போகட்டும்" என்றார் அந்த வக்கீல், இன்னும் மெதுவாக. "அவரை உனக்கு நல்லாத் தெரியும்னு சொல்றே. இப்ப அவரு இந்த ஹால்லயேதான் உக்காந்திருக்காரு. யாருன்னு காட்டு."

அப்பாசாமி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். மூச்சுகள் கேட்டன. பெஞ்சு கிறீச்சிட்டது.

"ஒரே ஒரு வார்த்த பேசச் சொல்லுங்கய்யா" என்றான். "எதுவா இருந்தாலும் சரிங்க. ஒரு வார்த்த பேசனா சொல்லிடுவேன்."

மூர்த்தி எழுந்தார். அது நியாயமான வேண்டுகோள்தான் என்றார். ஜட்ஜும் எதிர்த்தரப்பைப் பார்த்தார். அந்த வக்கீல் ஒரு டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். ஆதிமூலத்துக்குத் தொண்டையில் புண். மறு உத்தரவு வரை பேசக்கூடாது. அதனால்தான் அவருக்குப் பதிலாக அவர் தம்பி பவர் பத்திரம் வாங்கிச் சாட்சி சொல்லப்போகிறார். மூன்றாவது பெஞ்சில் ஆதிமூலம் கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தன் மடியில் கோத்த கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது ஐப்பசி மாதம்தான். மப்ளருக்குக் கீழே அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"பேசச் சொல்லுங்கய்யா" என்றான் அப்பாசாமி மறுபடியும்.

சாட்சி அடையாளம் காட்டவில்லை என்று ஜட்ஜு சொல்ல, டைப் மிஷின் அதை அடித்துக்கொண்டது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது கன்னியம்மாள் அவனை வேகமாக இழுத்துக்கொண்டு நடந்தாள். பெரிய தெருவைக் கடக்கும்போது அவன் கையைப் பிடித்த பிடி இறுகியது. குடிசை வாசலுக்கு வந்ததும், கயிற்றை அவன் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாத்தேன்னு சொல்லிட்டு நிறுத்தியிருந்தா இன்னா?"

"நிறுத்தலாம்னுதான் பாத்தேன். எப்போன்னு கேட்டுட்டாரு."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

*

தீர்ப்பு சொன்ன அன்று காலையிலிருந்தே மலை மேகத்துக்குள் இருந்தது. உச்சியும் இல்லை, தோளும் இல்லை. அடிவாரத்துப் பாறைகள் மட்டும் டவுனுக்குப் பின்னால் எதையோ தொலைத்துவிட்டது போல நின்றன. ஜட்ஜு இங்கிலீஷில் கொஞ்ச நேரம் படித்தார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். வராந்தாவுக்கு வந்துதான் மூர்த்தி விளக்கிச் சொன்னார்.

"தள்ளிட்டாங்க. எறங்கச் சொன்னது ஆதிமூலம்தான்னு நிரூபிக்கலயாம். மேஸ்திரி வேணாம்னு சொல்லியும் நீயா எறங்கனன்னு எழுதிட்டாரு."

"நானா எறங்கனேனா?" என்று கேட்டான் அப்பாசாமி. யாரோ ஒருவனைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது அது.

"வேலூருக்கு அப்பீல் போகலாம். தீர்ப்பு நகலுக்கு மனு போடணும். நீ வாம்மா, கைநாட்டு வைக்கணும்."

"அவரு வைக்க வேணாங்களா?"

"இப்போதிக்கு நீ வா. மழை வரப்போவுது."

கன்னியம்மாள் அப்பாசாமியின் கையை எடுத்துக் கடைசித் தூணில் வைத்தாள். "இங்கியே நில்லு மாமா. எங்கியும் போவாத. வந்துடறேன்."

அவள் காலடி தாழ்வாரத்தில் தேய்ந்தது. சற்று நேரத்தில் காற்று மண் வாசனையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வேப்ப மரத்தடியில் இருந்தவர்கள் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். சைக்கிள்கள் சரிந்தன. பிறகு மழை இறங்கியது. அது ஒரே சீராக, ஊரையே ஓர் அறைக்குள் வைத்துச் சாத்துவது போலப் பெய்தது. ஆட்கள் உள்ளே ஒதுங்கிப் போனார்கள். சாரல் அப்பாசாமியின் ஒரு பக்கத்தை முழுக்க நனைத்தது. எந்தப் பக்கம் நகர்ந்தால் காயலாம் என்று தெரியாமல் அவன் தூணையே பிடித்துக்கொண்டு நின்றான். தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்தது. குனிந்து தரையைத் தடவினான். ஈரம்தான் கிடைத்தது.

ஒரு கை அவன் முழங்கைக்கு மேல் பிடித்துத் தூக்கியது. துண்டு அவன் தோளுக்கு வந்தது. கை அவனைச் சுவரோரமாக நடத்திக்கொண்டு போய், சாரல் படாத இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தது.

"மகராசனா இருங்க. யாருங்க நீங்க?"

பதில் இல்லை.

"வக்கீல் குமாஸ்தாங்களா?"

பதில் இல்லை. கையும் போகவில்லை. அது அவன் முழங்கையிலேயே இருந்தது. தடித்த, மண்வெட்டி பிடித்த கை. கிட்டத்தில் யாரோ கனமாக மூச்சு விட்டார்கள். நனைந்த கம்பளியின் வாசனை வந்தது.

அப்பாசாமி பெஞ்சில் சாய்ந்துகொண்டான். மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓட்டிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்குள் குதித்து ஓடியது. அவன் நெற்றி மெல்லச் சுருங்கிப் பிறகு நேரானது.

கைநாட்டு வைத்த மை பெருவிரலில் காயாமல் கன்னியம்மாள் தாழ்வாரத்தின் மறுமுனைக்கு வந்தாள். தூணில் அவன் இல்லாததைக் கண்டு பதறினாள். பிறகு பெஞ்சில் அவனையும், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளையும் பார்த்தாள். கழுத்தில் மப்ளர். ஆதிமூலம். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அப்பாசாமி முகத்தை உயர்த்தினான்.

"கெணத்துல தண்ணி வந்துச்சாங்க?"

ஆதிமூலத்தின் உதடுகள் பிரிந்தன. தன் வக்கீல் நின்றுகொண்டிருந்த அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். உதடுகள் மூடிக்கொண்டன. பிறகு மெதுவாக, மேலும் கீழுமாக, பலமுறை தலையை ஆட்டினார்.

அப்பாசாமி நிமிர்ந்த முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தான்.